டப்பாவுக்குத் திரும்பிய எட்டாயிரத்து ஒன்று

எங்கள் ஊர் செவக்கரட்டுப் பெண்கள் எட்டுப் பேர் மாட்டுப் பொங்கலன்று பனையடிப்பட்டிப் பெண்கள் எட்டுப் பேரைக் கயிறு இழுத்துத் தோற்கடித்து, எட்டாயிரத்து ஒரு ரூபாய் பரிசு வாங்கி, ஆளுக்கு ஆயிரம் என்று பிரித்துக்கொண்டு, மிஞ்சிய ஒரு ரூபாயைப் பிள்ளையார் கோயில் உண்டியலில் போட்டுவிட்டு, அன்று சாயங்காலமே பாதிப் பேர் கடைக்குப் போய்ச் செலவும் செய்துவிட்ட பிறகு, மறுநாள் காலை தீப்பெட்டி ஆபீஸில் ஏழரை மணிச் சங்கு ஊதியதும் அந்தப் பணம் முழுவதும், உண்டியல் ரூபாய் உட்பட, பரிசு போட்டுக் கொடுத்த அதே ரஸ்க் டப்பாவுக்குத் திரும்பி வந்து உட்கார்ந்திருந்தது. முந்தின ராத்திரி வரை டப்பா ஆபீஸில் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் காலியாகத்தான் கிடந்தது. வேலம்மா தண்ணீர் மொள்ளப் போனவள் அதைத் திறந்து பார்த்து, எண்பது நூறு ரூபாய்த் தாளையும் ஒரு நாணயத்தையும் எண்ணி முடித்து, "கணக்குல எங்கயோ தப்புப் பண்ணிட்டோம்ட்டி" என்றாள்.

எங்கள் பக்கத்தில் தீப்பெட்டித் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்லுவோம். அங்கே நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்கிற ஆள் ஒருத்தர்கூடக் கிடையாது. அந்த எட்டுப் பேரும் அங்கே தரையில் உட்கார்ந்து குச்சி அடுக்குகிறவர்கள். பணம் நடந்து வந்ததா, பறந்து வந்ததா, எந்தத் தெய்வத்தின் வேலை என்றெல்லாம் அவர்களும் கேட்கவில்லை, ஊரும் கேட்கவில்லை, கேட்டுக்கொண்டு நின்றால் அன்றைக்குக் குச்சியை யார் அடுக்குவது? பிரித்தது பிடிக்காமல் ஒரு பொருள் திரும்பி வருகிறது என்றால் பிரித்த விதத்தில்தான் கோளாறு. சொத்துப் பிரித்த குடும்பங்கள் நிறைந்த ஊரில் அதை விளக்கிச் சொல்ல வேண்டியதே இல்லை.

எட்டு மணிக்கு மளிகைக்கடை தர்மர் ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். முந்தின நாள் வேலம்மா வாங்கிப்போன எண்ணெய்க்கும் உளுந்துக்கும் கொடுத்த காசு அவர் கல்லாவில் இல்லை. வேலம்மா தன் கூலியிலிருந்து அதைக் கொடுத்துச் சரிசெய்தாள். அடுத்த நாள் தர்மரிடம் சில்லறை மாற்றிப் பார்த்தார்கள். காலையில் தாள்கள் டப்பாவுக்கும், அவர் கொடுத்த சில்லறை அவர் கல்லாவுக்கும் போய்ச் சேர்ந்திருந்தன. அந்த வகையில் அது நியாயமான பணம், யாரையும் ஏமாற்றவில்லை, பிரிய மட்டும்தான் மறுத்தது.

அந்த ஒரு ரூபாயை மிஞ்சவிட்டதுதான் குற்றம் என்று முதலில் நினைத்தார்கள். மொய் எழுதினாலும் பரிசு கொடுத்தாலும் மொட்டையாகக் கொடுக்காமல் மேலே ஒன்று வைத்துக் கொடுப்பது எங்கள் வழக்கம், அந்த ஒன்று இருந்தால் கொடுப்பது தொடரும் என்பார்கள், ஆனால் எட்டாயிரத்து ஒன்றை எட்டால் வகுத்தால் மீதி ஒன்று வந்து பல்லில் மாட்டின நார் போல உறுத்துகிறது. அதனால் எட்டுப் பேரும் பிளாரன்ஸ் டீச்சரிடம் போனார்கள். டீச்சர் சாயங்காலம் தன் வீட்டு வாசலில் கரும்பலகை மாட்டி டியூஷன் எடுப்பவர், மூக்குக் கண்ணாடிக்கு மேலே பார்த்துப் பேசுபவர், விடையைவிடக் கேள்வியை ஒழுங்காக எழுதுவதுதான் முக்கியம் என்று சண்டை பிடிப்பவர். "சமமாப் பிரிக்கச் சொல்லி உங்களுக்கு யார் சொன்னது? விவரம் சொல்லுங்க, கணக்கு எழுதிப் பார்ப்போம்" என்று சாக்பீஸை எடுத்தார்.

அன்றைக்கு அவர் எழுதியது இது: 'எட்டுப் பெண்கள் ஒரு கயிற்றை இழுத்து ரூ.8001 வென்றனர். தொகையை அவரவர் எடைக்கு ஏற்பப் பகிர்ந்தனர் எனில், ஒவ்வொருவரும் பெற்ற தொகை என்ன?' ரேஷன் கடைத் தராசில் எட்டுப் பேரையும் நிறுத்தார்கள். வேலம்மாவுக்கு எண்பத்தாறு கிலோ, அவள்தான் கடைசியில் நின்று கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டவள், கூடுதல் பங்கு வாங்கிக்கொண்டு ஒரு ராத்திரி சந்தோஷமாக இருந்தாள். சங்கு ஊதியது, பணம் டப்பாவுக்கு வந்துவிட்டது. அடுத்து ஆபீஸில் சேர்ந்த வருஷக் கணக்குக்குப் பங்கிட்டார்கள், வந்துவிட்டது. பெற்ற பிள்ளைகளின் எண்ணிக்கைக்குப் பங்கிட்டார்கள், ரெண்டு பேருக்கு ஒன்றுமே இல்லாமல் போய்ச் சண்டையாகி, அதுவும் வந்துவிட்டது. போட்டி நடந்த அன்று காலையில் சாப்பிட்ட இட்லியின் எண்ணிக்கைக்குப் பங்கிட்டபோது ஆறு பேர் பொய் சொன்னார்கள் என்பது ஊருக்கே தெரியும்.

பத்து நாளில் ஊர் இதற்குப் பழகிவிட்டது. காலையில் சங்கு ஊதியதும் டீக்கடையில் இருக்கிறவர்கள் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு ஆபீஸ் பக்கம் பார்ப்பார்கள், வேலம்மா வாசலுக்கு வந்து தலையை ஆட்டுவாள், அவர்கள் மறுபடி குடிக்கத் தொடங்குவார்கள். சாயங்காலம் கரும்பலகை முன்னால் டியூஷன் பிள்ளைகளைவிடப் பெரியவர்கள் அதிகம் உட்கார்ந்தார்கள், ஆளுக்கொரு கணக்கு எழுதிக்கொண்டு வந்தார்கள், தையல்காரர் எழுதினார், பஸ் கண்டக்டர் டிக்கெட்டுக்குப் பின்னால் எழுதினார், முப்பது வருஷமாகக் கிணற்றுத் தண்ணீர் முறைக்கு அடித்துக்கொண்ட பங்காளிகள் ரெண்டு பேர் தங்கள் வழக்கையும் கணக்காக எழுதிக் கொடுத்து, டீச்சர் விடை போட்டதும் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். எல்லார் பேச்சிலும் 'எனில்' வந்து ஒட்டிக்கொண்டது. "காலையில போன மனுசன் சாயங்காலம் வந்தாரு எனில், நடுவுல எங்க இருந்தாரு?" என்று ஒரு பெண்டாட்டி புருஷனைக் கேட்டாள், அவனுக்கு அந்தக் கணக்குக்கு விடை எழுதத் தைரியம் வரவில்லை. அந்த மாதம் எங்கள் ஊரில் யாரும் யாரையும் ஏமாற்ற முடியவில்லை என்று தர்மர் வருத்தப்பட்டுக்கொண்டே சொன்னார்.

இத்தனை கணக்கும் தப்பு என்று ஆரம்பத்திலிருந்தே தெரிந்தவள் ஒருத்தி உண்டு. அவள் சீனித்தாய், எங்கள் அணியில் முதலாவதாக நின்றவள்.

கயிறு இழுப்பதில் முதலாவதாக நிற்கிறவர்கள் ரெண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டு நிற்பார்கள், பின்னால் நிற்கிறவர்களுக்கு முன்னால் உள்ளவளின் முதுகுதான் தெரியும். சீனித்தாய்க்கு எதிரே, நாலு முழத் தூரத்தில் நின்றவள் ஆவுடை. சீனித்தாயின் கூடப்பிறந்த அக்கா, பனையடிப்பட்டியில் வாக்கப்பட்டவள், ஆறு வருஷமாகத் தங்கச்சியோடு பேசாதவள். அவர்கள் அம்மா ஒரு தையல் மெஷினை விட்டுவிட்டுச் செத்துப்போனாள். ஒரு மெஷின், ரெண்டு பெண்கள். ஆவுடை பிரசவத்துக்காக ஆஸ்பத்திரியில் கிடந்த வாரத்தில் சீனித்தாய் அதைத் தூக்கிக்கொண்டு தன் வீட்டுக்குப் போய்விட்டாள். பிள்ளையோடு திரும்பி வந்த ஆவுடை, மெஷின் நின்ற இடத்தில் தரையில் பதிந்திருந்த தடத்தைப் பார்த்தாள், ஒரு வார்த்தை கேட்கவில்லை, அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசவும் இல்லை.

போட்டியில் நாங்கள் தோற்றுக்கொண்டுதான் இருந்தோம். சுண்ணாம்புக் கோட்டுக்கும் சீனித்தாயின் காலுக்கும் நடுவே அரைச் சாண்தான் பாக்கி, அந்த நேரத்தில் ஆவுடை தன் ரெண்டு கையையும் விரித்துக் கயிற்றை விட்டாள். முதல் ஆள் விட்டதும் பின்னால் நின்ற ஏழு பேரும் ஒருத்தி மேல் ஒருத்தி தடுமாறினார்கள், வேலம்மா ஒரு சுண்டு சுண்டினாள், கயிறு முழுவதும் எங்கள் பக்கம் வந்துவிட்டது. ஊர் விசிலடித்தது. மைக்கில் வேலம்மாவின் குதிகாலைப் புகழ்ந்தார்கள். அக்கா கையை விரித்ததைப் பார்த்தது சீனித்தாய் ஒருத்திதான். அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஜெயித்தது ஜெயித்ததாக இருக்காது, அதைவிட, ஆறு வருஷமாகத் தான் வீம்பாக இருந்ததற்கு ஒரு நியாயமும் மிஞ்சாது.

டப்பா தினமும் நிறைவதைச் சீனித்தாய் பத்து நாள் பார்த்தாள். பதினோராம் நாள் சாயங்காலம் கரும்பலகை முன்னால் எழுந்து நின்று, "நான் அன்னைக்கு இழுக்கவே இல்ல. சும்மா கயித்தப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். என் பங்க எடுத்துருங்க, மத்த ஏழு பேரும் பிரிச்சுக்கோங்க" என்றாள். முழு உண்மையைச் சொல்லப் பயந்து தண்டனையை மட்டும் வாங்கிக்கொள்ளப் பார்த்தாள், பாவம். டீச்சர் எட்டாயிரத்து ஒன்றை ஏழால் வகுத்தார். ஆயிரத்து நூற்று நாற்பத்து மூன்று, மீதி பூச்சியம். அந்தப் பூச்சியத்தைப் பார்த்ததும் கூட்டம் கைதட்டியது, டீச்சரே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், தர்மர் பயமில்லாமல் சில்லறை கொடுத்தார், யாரோ பொங்கலுக்கு மிஞ்சிய சரவெடியைக் கொளுத்தினார்கள்.

மறுநாள் சங்கு ஊதியது. டப்பா நிறைந்திருந்தது.

வேலம்மா வாசலுக்குப் போய்த் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பி வந்து, சீனித்தாயின் கையைப் பிடித்துத் திருப்பினாள். உள்ளங்கையில் தோல் உரிந்து புதுத்தோல் வந்துகொண்டிருந்தது. "இழுக்காதவ கை எதுக்குட்டி உரியும்? என்னமோ பொய் சொல்லுத. பணத்துக்கே தெரியுது, எனக்குத் தெரியாதா?"

"மதினி, நாம ஜெயிக்கல" என்றாள் சீனித்தாய். "எங்கக்கா விட்டுட்டா. ரெண்டு கையையும் விரிச்சு விட்டுட்டா."

வேலம்மா மத்தியானம் வரைக்கும் குச்சியைத் தாறுமாறாக அடுக்கினாள். பன்னிரண்டு நாளாகத் தன் குதிகாலால்தான் ஊர் ஜெயித்தது என்று நம்பி, அந்தக் காலுக்குத் தினமும் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தவளுக்கு அது லேசான சேதி இல்லை. ஆனால் அவள் மனசு அவள் உடம்பைப் போலப் பெரிசு. தூக்குவாளியைத் திறந்து நாலு வாய் சாப்பிட்டதும், "அப்ப ஒம்போது பேருட்டி" என்றாள். "கயிறு இந்தப் பக்கம் வந்ததுக்கு நம்ம எட்டுப் பேரும் ஒன் அக்காவும் காரணம் எனில், பங்கு ஒம்போது."

சாப்பாட்டு நேரத்திலேயே எட்டுப் பேரும் டீச்சர் வீட்டுக்கு ஓடினார்கள். டீச்சர் கையில் சாக்பீஸைக்கூட எடுக்கவில்லை. "எட்டும் ஒண்ணும் ஒன்பது. இலக்கத்தைக் கூட்டினா ஒன்பது வருது, ஒன்பதால மீதி இல்லாம வகுபடும். எண்ணூத்தி எண்பத்தொன்பது" என்றவர், "எட்டுப் பேரு, மேல ஒருத்தி. இத்தனை நாளா அந்தத் தொகையே சொல்லிக்கிட்டுத்தான் இருந்திருக்கு, நான்தான் விகிதம் விகிதம்னு அலைஞ்சேன்" என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டார்.

கணக்கு அவ்வளவு சுலபம். அந்த எண்ணூற்று எண்பத்தொன்பதை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டு வாசலில் போய் நிற்பதுதான் கஷ்டம். கூட வருகிறோம் என்றார்கள், சீனித்தாய் வேண்டாம் என்று சொல்லிவிட்டு மூன்று மணி டவுன் பஸ்ஸில் ஏறினாள். எட்டு கிலோமீட்டர் தூரம். வழியெல்லாம் அக்கா கதவைச் சாத்தினால் என்ன செய்வது என்பதை மட்டும் யோசித்தாள்.

ஆவுடை வீட்டு முன்னால் மிளகாய் வற்றலைக் காயப்போட்டுக் கிளறிக்கொண்டிருந்தாள். தங்கச்சியைப் பார்த்தாள். உள்ளே வா என்று சொல்லவில்லை, கிளறுவதை நிறுத்தவும் இல்லை.

"உங்க ஊருப் பணம் டப்பாவுக்கு ஓடி வந்துருதாம்ல" என்றாள். ஆறு வருஷத்துக்குப் பிறகு பேசின முதல் வார்த்தை அது. "நல்லா வேணும்."

"ஒனக்கு ஒரு பங்கு இருக்குக்கா. அதக் குடுக்காமத்தான் ஓடி வருது."

"எனக்கு எதுக்குப் பங்கு?"

"நீ கைய விட்ட. நான் பாத்தேன்."

"வழுக்கிச்சு."

"வழுக்குன கை மூடுனபடிக்கே பின்னால போகும். ஒன் கை விரிஞ்சிச்சு. பத்து வெரலும் எனக்குத் தெரிஞ்சிச்சு."

ஆவுடை கம்பைக் கீழே போட்டாள். "ஒன் கால் பெருவெரல் நகம் பேந்து தொங்குச்சு. ரத்தம் சுண்ணாம்புல வடியுது. நீ அதக் குனிஞ்சுகூடப் பாக்காம பல்லக் கடிச்சுக்கிட்டு இழுக்க. இன்னும் ஒரு இழுப்புல நகம் முழுசாப் போயிரும், ஆனா நீ விடமாட்ட, எனக்குத் தெரியும். ஒனக்கு எதையும் விடத் தெரியாது சீனி, சின்னப் புள்ளையிலருந்தே தெரியாது. அதான் நான் விட்டேன்."

சீனித்தாய்க்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பணத்தை நீட்டினாள். "யக்கா, அந்த மெஷினு..."

"மெஷினப் பத்திப் பேசாத. அது வேற கணக்கு. இதையும் கொண்டு போ. இத வாங்குனா வேணும்னே விட்டேன்னு ஆயிரும். இங்க ஏழு பேரு என்னால தோத்துட்டு நிக்காளுக. கையில பலமில்லாதவன்னு பேரு வாங்கிட்டேன், கொழாயடியில கொடம் வைக்க எடம் விடமாட்டேங்காளுக, அதோட போகட்டும்."

அதுவரைக்கும் சீனித்தாய் அதை நினைத்தே பார்த்ததில்லை. தான் வாயை மூடிக்கொண்டிருந்ததற்கு டப்பா மட்டும்தான் விலை கொடுத்துக்கொண்டிருக்கிறது என்று நினைத்தாள். இங்கே ஒருத்தி தினமும் ரெண்டு தடவை குழாயடியில் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறாள். சீனித்தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நாலரை மணித் தண்ணீருக்குப் பனையடிப்பட்டிப் பெண்கள் கூடியிருந்த குழாயடிக்கு நடந்தாள். "ஏட்டி, எங்க போற, நில்லு" என்று ஆவுடை பின்னாலேயே வந்தாள்.

எதிரூர்க் குழாயடியில் போய் நின்று பேசுவது லேசான காரியம் இல்லை, அதிலும் ஜெயித்த ஊர்க்காரி. சீனித்தாய் எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள். "எங்கக்கா கையில பலமில்லாமத் தோக்கல நீங்க. நாங்கதான் தோத்தோம். இன்னும் அரைச் சாண் இழுத்தா முடிஞ்சிருக்கும். என் கால் நகம் பேந்ததப் பாத்துட்டு எங்கக்கா விட்டா. நான் அவ புள்ள பெத்துக் கெடந்தப்போ அவ மெஷினத் தூக்கிட்டு வந்தவ. அப்பிடிப்பட்ட எனக்காக விட்டா. ஏசணும்னா என்னைய ஏசுங்க."

தண்ணீர் ஒரு குடத்தில் நிறைந்து வழிந்தது, யாரும் அதை நகர்த்தவில்லை. பனையடிப்பட்டி அணியில் கடைசியில் நின்று இழுத்தவள், வேலம்மாவுக்குக் கொஞ்சமும் சளைக்காதவள், ஆவுடையையே பார்த்தாள்.

"நெசமா ஆவுடை? வேணும்னேவா விட்ட?"

"வேணும்னுதான் விட்டேன்" என்றாள் ஆவுடை.

"அத மொதல்லயே சொல்லித் தொலைக்கறதுக்கென்ன? பலமில்லாதவள முன்னால நிறுத்திட்டோமேன்னு பன்னெண்டு நாளா எனக்குத் தூக்கமில்ல." அவள் தன் குடத்தை எடுத்து இடம் விட்டாள். "அடுத்த வருசம் இவ எதிர நின்னா நீ முன்னால நிக்கக் கூடாது. கடைசியில நில்லு, மொகந் தெரியாது." கோபம் கோபமாகத்தான் சொன்னாள், ஆனால் சொல்லி முடிக்கும்போது மற்றவர்கள் சிரித்துவிட்டார்கள்.

ஆவுடை பணத்தை வாங்கி ரெண்டு தடவை எண்ணினாள். "எண்ணூத்தி எம்பத்தொம்பது. ஒரு ரூபா போட்டுத் தொண்ணூறாக் குடுத்தா ஒனக்குக் கொறஞ்சா போயிரும்?" என்றாள்.

"போட்டா ஓடிரும்க்கா."

மறுநாள் முதல் பஸ்ஸில் ஆவுடை செவக்கரட்டில் வந்து இறங்கினாள், முந்தானையில் பணம் முடிந்திருந்தது. காணாமல் போனால் தன் வீட்டில் திருடு போனதாக ஆகிவிடும், அதனால் இங்கேயே நிற்கிறேன் என்று காரணம் சொன்னாள். ஆபீஸுக்குள் ஒன்பது பேரும் ஆளுக்கொரு எண்ணூற்று எண்பத்தொன்பதோடு வட்டமாக நின்றார்கள், டீச்சர் வந்திருந்தார், தர்மர் தன் கல்லாப்பெட்டியையே தூக்கிக்கொண்டு வந்திருந்தார், டீக்கடையில் ஒருத்தரும் குடிக்கவில்லை. சங்கு ஊதியது. நீளமாக ஊதியது, அல்லது எங்களுக்கு அப்படித் தோன்றியது. ஒன்பது கைகளிலும் பணம் வைத்தது வைத்தபடி இருந்தது. வேலம்மா டப்பாவைத் திறந்து பார்த்து, கவிழ்த்துத் தட்டி, கொஞ்சம் ரஸ்க் தூள் உதிர்ந்ததைத் தவிர ஒன்றும் விழாததைக் கண்டு, சீனித்தாயைக் கட்டிப்பிடித்து அழுதாள், பிறகு ஆவுடையைக் கட்டிப்பிடித்து இன்னும் சத்தமாக அழுதாள்.

எட்டு மணிப் பஸ்ஸுக்கு நேரமாயிற்று. ஆவுடை நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. "ஒரு நாள் நின்னாப் போதுமா?" என்று டீச்சரைப் பார்த்துக் கேட்டாள். "நாளைக்கும் நிக்குதான்னு பாக்கணும்ல?"

டீச்சர் கண்ணாடிக்கு மேலே அவளையும், அவள் பக்கத்தில் நின்ற சீனித்தாயையும் பார்த்தார். "கண்டிப்பா. சரிபார்க்காம விட்டா மார்க் கிடையாது" என்றார்.

அன்று ஆவுடை தங்கச்சி வீட்டில் தங்கினாள். மறுநாள் சங்குக்குப் பணம் நின்றது, இன்னும் ஒரு நாள் பார்த்துவிடலாம் என்றாள். நாலாம் நாள் அவள் புருஷன் போன் பண்ணியபோது, கணக்கு இன்னும் முடியவில்லை என்று சொல்லிவிட்டு, சனி ஞாயிறு லீவுக்குப் பிள்ளையைக் கொண்டுவந்து விடச் சொன்னாள். பதினோரு நாள் சரிபார்த்தாள். பன்னிரண்டாம் நாள் பஸ் ஏறும்போது அவள் முந்தானை முடிச்சில் எண்ணூற்று எண்பத்தொன்பது ரூபாயும் அப்படியே இருந்தது, ஒரு டீக்குக்கூட அதை அவிழ்க்கச் சீனித்தாய் விடவில்லை.